பத்துக் கட்டை தூரம் போன புகை

மகனே,

இக்கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. நாளைக் காலையில் நெல் மூட்டைகளோடு வவுனியாவுக்குப் புறப்படும் பக்கத்துக் காணித் தங்கராசாவிடம் கொடுத்து, வழியில் ஓமந்தைப் பாடசாலையில் உன் கையில் சேர்க்கும்படி சொல்லியிருக்கிறேன். அவர் வாசித்தால் வாசிக்கட்டும். இதில் உள்ளதை மறைத்து வைத்திருக்கும் உரிமை இனி எனக்கு இல்லை. இதே கடிதத்தை இன்னொரு முறையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பிரதி பரந்தனுக்கு, நீ மணக்கப்போகும் வதனியின் தாயாருக்கு உரியது; சனிக்கிழமை நானே அதை அவர் கையில் கொடுப்பேன். உன் திருமணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள்கள் உள்ளன. இதைப் படித்து முடித்தபின் அத்திருமணம் நடக்குமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே எழுதத் துணிந்தேன் என்பதை நீ முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் சென்றதில்லை என்பதை நீ அறிவாய். தேயிலைத் தோட்டத்துக் கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டுகளை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். ஆயினும் என் தமிழில் பிழை கண்டவர் எவருமில்லை. ஆசிரியராகிய உன் கடிதங்களில் நான் இரண்டு முறை பிழை கண்டிருக்கிறேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தானாகக் கற்றவளுக்கு ஒரு செருக்கு வந்துவிடுகிறது. தனக்குத் தெரிந்ததைத் தானே உழைத்துச் சம்பாதித்ததால், அது எந்த இடத்திலும் செல்லுபடியாகும் என்று அவள் எண்ணிவிடுகிறாள். நான் செய்த பிழை அங்கிருந்தே தொடங்குகிறது.

மலையில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் சிறு துண்டு நிலங்களில் மரக்கறி வைத்திருந்தோம். அவற்றைத் துப்புரவாக்கும்போது மானாப் புல்லையும் வேர்களையும் குவித்து, பொழுது சாயும் நேரத்தில்தான் நெருப்பு வைப்போம். பகலில் எரித்தால் பள்ளத்திலிருந்து மேலேறும் காற்று அத்தனை புகையையும் லயத்துக்குள் கொண்டுவந்து தள்ளும். மாலையில் காற்றுத் திரும்பிவிடும். மலைச்சரிவு குளிர, குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து இறங்கும்; புகையும் அதனோடு இறங்கிக் கீழே ஆற்றோடு போய்விடும். மாலையில் எரிப்பது அறிவுள்ளவர் செயல், பகலில் எரிப்பது மூடர் செயல் என்பது எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். அந்த ஆற்றங்கரையில் யார் குடியிருந்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் எல்லாவற்றையும் விட்டு வன்னிக்கு, இந்த அக்கராயனுக்கு வந்தோம். அப்போது உனக்குப் பதினான்கு வயது. அடுத்த ஆண்டு ஆவணியில், மழைக்கு முன் விதைத்துவிட வேண்டுமென்று இரண்டு ஏக்கர் பற்றைக் காட்டை வெட்டிக் குவித்தோம். பாலை மரத்து அடிக்கட்டைகள் ஈரமாக இருந்தன, சுள்ளியால் தீப்பற்றவில்லை. உன் அப்பா உழவு இயந்திரம் திருத்தும் இடத்திலிருந்து பழைய டயர்த் துண்டுகளை வண்டியில் ஏற்றி வந்தார். உர மூட்டைகளின் பிளாஸ்ரிக் பைகளையும் நானே சேர்த்துக் கொடுத்தேன். ஆவணிச் சதுர்த்திக்கு மறுநாள் மாலை, காற்று ஓய்ந்து இலை அசையாமல் நின்ற வேளையில், நெருப்புப் பெட்டியோடு போனேன். தங்கராசா வேலியருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்.

“என்னக்கா, இந்த நேரத்தில கொளுத்தப் போறியளே? காத்து விழுந்திட்டுது. நாளைக்குப் பத்து மணிக்குப் பிறகு சோளகம் எழும்பும். அப்ப வையுங்கோ. புகை மேல ஏறிப் போயிடும்.”

“பகல் காத்துல வெச்சா நெருப்பு உங்க வேலிக்கு வந்துரும் தம்பி. மலையில பொறந்தவளுக்கு நெருப்பு வைக்கச் சொல்லித் தர்றீங்களா?”

“நான் சொல்லித் தரேல்லை. நீங்கள் மலையில பிறந்தனீங்கள். இது மலையில்லை எண்டுதான் சொல்லுறன்.”

அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டேன். சோளகம் என்ற தென்மேல் காற்றுப் பகலில் எவ்வளவு வேகமாக வீசும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. நெருப்புப் பரவிவிடும் என்ற என் அச்சம் பொய்யல்ல. ஆனால் மற்றப் பாதி, இது மலையில்லை என்பது, என் செருக்கில் பட்டுத் தெறித்துவிட்டது. மூன்று மாலைகள் எரித்தோம். டயர் எரிந்த கரும்புகை ஆளுயரம்கூட ஏறாமல் வளைந்து, வெட்டிய வாய்க்கால் வழியே பாய் விரித்தாற்போல் நகர்ந்து சென்றது. பெரிய கட்டைகள் சுவாலை விடாமல் விடியும்வரை உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தன. காலையில் நம் வளவு தெளிவாக இருந்தது. உனக்கு நினைவிருக்கிறதா? நீ கண்களைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, “பொகையே காணோம்மா” என்றாய். நான் அதைத் தங்கராசாவுக்குக் கேட்கும்படி உரத்துத் திருப்பிச் சொன்னேன்.

அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: “இஞ்ச இல்லையெண்டால் வேற எங்கயோ கிடக்கு எண்டு அர்த்தமக்கா.”

அதைப் பகடி என்று எண்ணிச் சிரித்தேன்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, பனங்கட்டி சுற்றி வந்த ஒரு பத்திரிகைப் பக்கத்தில் ஒரு கட்டுரையைப் படித்தேன். ஐரோப்பாவில் தொழிற்சாலைகளைச் சுற்றியிருந்த ஊர்களின் காற்றைச் சுத்தமாக்குவதற்காகப் புகைபோக்கிகளை மேலும் மேலும் உயர்த்திக் கட்டினார்களாம். அந்த ஊர்களின் வானம் தெளிந்துவிட்டது. ஆனால் புகை ஒழியவில்லை; உயரத்தில் வீசும் காற்றில் ஏறி, எல்லைகளையும் கடலையும் கடந்து, வேறு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. போகும் வழியில் அது மாறவும் செய்தது. நிலக்கரியின் கந்தகம் வெயிலிலும் முகிலின் ஈரத்திலும் நாட்கணக்காகக் கிடந்து அமிலமாகி மழையோடு இறங்க, அந்த நாட்டு ஏரிகளில் மீன்கள் செத்தன. அந்த மீனவர்கள் தங்கள் ஏரியில் பிழை தேடிக்கொண்டிருந்தார்களாம். பிழை அவர்கள் பார்த்திராத ஒரு நாட்டில் இருந்தது. அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி கிழிந்திருந்ததால் மிச்சத்தை என்னால் அறிய முடியவில்லை. இருந்த பாதியை மட்டும் பலமுறை படித்தேன்.

படித்ததைச் சோதித்துப் பார்க்காமல் நம்புவது என் வழக்கமன்று. மாரி ஓய்ந்து, வடகீழ்த் திசையிலிருந்து வாடைக் காற்று வறண்டு வீசும் மாதத்தில், பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து நனைத்து, நீண்ட தடியில் கட்டி வயல் நடுவில் நட்டேன். சுற்றுவட்டாரத்தில் எவரும் எதையும் எரிக்காத நாள்களாகப் பார்த்தே நட்டேன். காய்ந்ததும் மீண்டும் நனைத்தேன். பத்தாம் நாள் துணியில் ஒரு மங்கல் படிந்திருந்தது. சாம்பலுமன்று, செம்மண் தூசியுமன்று. அந்நாள்களில் வானத்தின் ஓரம் நீலமாக இராமல் பால் கலந்த தண்ணீராக இருந்ததை நீயும் கண்டிருப்பாய். அது எங்கிருந்து வந்ததென்று என்னால் நிரூபிக்க முடியாது. கடலுக்கு அப்பால் எத்தனையோ அடுப்புகளும் சூளைகளும் ஆலைகளும் இருக்கின்றன. வாடை அவற்றின் மேலாகத்தான் வருகிறது. என் துணியைப் பார்த்து நான் அந்த முகமறியாத மக்கள்மேல் கோபங்கொண்டேன், மகனே. நம் வாய்க்காலில் நகர்ந்து சென்ற புகை அப்போதும் என் நினைவுக்கு வரவில்லை. தம் முற்றத்துக்கு வந்ததை மனிதர் எளிதில் காண்கிறார்கள். தம் முற்றத்திலிருந்து போனதைக் காண்பதில்லை.

சென்ற மாதம் நானும் உன் அப்பாவும் திருமணப் பேச்சுக்காக வதனியின் வீட்டுக்குப் போனோம் அல்லவா? நீ பாடசாலைச் சோதனை என்று வரவில்லை. வதனியின் தாயார் தேநீர் தந்துவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த தன் கணவரின் படத்தைப் பார்த்தபடி பேசினார்.

“அவருக்கு மூச்சிழுப்பு, தொய்வு வருத்தம் இருந்ததுதான். ஆனால் சாகிற வருத்தமில்லை. எழுபத்தெட்டில, ஆவணிச் சதுர்த்தி முடிஞ்ச கையோட, மூண்டு நாள் விடிய விடியப் புகை. நிலத்தோட நிலமா, கட்டிலுக்குக் கீழால வந்தது. டயர் எரிஞ்ச மணம். நாலாம் நாள் விடிய மூச்சு எடுக்க ஏலாமல் போய், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோற வழியில…” அவர் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். “அந்தா தெரியுதே வளவு, அந்தச் செங்கல் சூளைக்காரன்தான். காசு மிச்சம் பிடிக்க டயர் போட்டு எரிச்சவன். பதினொரு வருசமா நாங்கள் முகம் பார்க்கிறேல்லை. கலியாணத்துக்கும் சொல்லமாட்டம்.”

என் கையில் இருந்த கோப்பையை மெதுவாகக் கதிரையின் கைப்பிடியில் வைத்தேன். உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்தச் சதுர்த்தி நினைவுக்கு வந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “பொகைக்கு மேல பேரா எழுதியிருக்கு? பத்துக் கட்டை தூரம். நம்மதுன்னு யாரு கண்டா? புள்ளைக்குக் கல்யாணம். சும்மா இரு.”

சும்மா இருக்க முயன்றேன். இரண்டு வாரம் முயன்றேன். ஆனால் என் அறிவு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. யோசித்துப் பார், நீயும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பகலில் வெயில் நிலத்தைச் சுடவைக்கிறது. நிலத்தைத் தொட்ட காற்று உலைநீர் போலக் கொதித்து மேலெழுந்து புகையை உயரே கொண்டுபோய்க் கலைக்கிறது. பொழுது சாய்ந்ததும் நிலம் முதலில் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றுக் குளிர்ந்து கனத்து அடியில் தங்க, சூடான காற்று அதன்மேல் மூடியாகக் கிடக்கிறது. மூடிக்குக் கீழே அகப்பட்ட புகை ஏறவும் முடியாமல், கலையவும் முடியாமல், வெளியேறும் வழியைத் தேடுகிறது. வன்னி நிலம் தட்டையானது என்று நான் எண்ணினேன். தண்ணீரைக் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும். அக்கராயன் குளம் நிறைந்து வழியும் நீர் தெற்கே போவதில்லை; வடக்கே கடனீரேரியை நோக்கித்தான் ஊர்ந்து போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவில் குளிர்ந்த காற்றும் இறங்குகிறது; சோளகத்தின் மிச்சமூச்சும் பின்னால் நின்று அதை அதே பக்கமாகத் தள்ளுகிறது. அந்தப் பக்கத்தில்தான், பத்து மைல் கட்டை தாண்டி, பரந்தன் இருக்கிறது.

சூளைப் புகையோ வேறு வகையானது. கொழுந்துவிட்டு எரியும் சூளையின் புகை, தன் சூட்டின் வலிமையாலேயே அந்த மூடியைத் துளைத்துக்கொண்டு நேரே மேலே போகும். சூளைக்கு நூறு கஜத் தூரத்திலிருந்த வீட்டின் கூரைக்கு மேலாக அது போயிருக்கும். அருகிலிருந்த புகை உயரே சென்றது. தூரத்துப் புகை கட்டிலுக்குக் கீழால் வந்தது. அந்த வீட்டார் கண்ணுக்குத் தெரிந்த புகையைக் குற்றவாளியாக்கினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, எவருக்கும் சொல்லாமல் நான் தனியே பரந்தனுக்குப் போய், அந்தச் சூளைக்காரரைக் கண்டேன். சுலைமான் நானா என்று ஊரில் அழைக்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். இப்போது அறுபது வயதிருக்கும். சூளை இருந்த இடத்தில் கத்தரி வைத்திருக்கிறார். நான் யார் என்பதையும் எதற்கு வந்தேன் என்பதையும் நின்றபடியே சொன்னேன். அவர் நீர்வாளியைக் கீழே வைத்தார்.

பிறகு கேட்டார்: “டயர் போட்டது நீங்களா தங்கச்சி?”

“ஆமாங்க. நான்தான்.”

“சூளைக்கு எவனாவது டயர் போடுவானா? கல்லெல்லாம் கரி புடிச்சுப் போகும். கறுத்த கல்லை ஆரு வாங்குவான்? பள்ளி வாசல்ல நிண்டு சொன்னன், கோயில் வாசல்ல நிண்டும் சொன்னன். ஒருத்தனும் கேக்கல்ல.”

என்னை வளவின் பின்புறம் அழைத்துச் சென்றார். அந்தக் கடைசிச் சூளையின் கற்களை ஒருவரும் வாங்கவில்லையாம். அடுக்கியது அடுக்கியபடியே பாசி படர்ந்து நிற்கின்றன. ஒன்றை எடுத்து மற்றொன்றில் தட்டி உடைத்துக் காட்டினார். உள்ளும் புறமும் ஒரே சிவப்பு.

“அந்த மனிசன் என்ர கூட்டாளி,” என்றார். “நோன்புக் கஞ்சி குடிக்கப் பாத்திரத்தோட வந்து நிப்பார். அவர் மவுத்தான அண்டைக்கு மையத்துப் பார்க்க நான் போக, என்னை வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பினாங்க.”

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வதனியின் தாயாரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் உடனே கையை உயர்த்தித் தடுத்தார்.

“இப்பச் சொல்லாதீங்க. அந்தப் புள்ள வதனி, சின்னதில என்ர சூளைச் சூட்டில மரவள்ளிக் கிழங்கு சுட்டுத் தின்ட புள்ள. அதுட கலியாணம் முடியட்டும். பதினொரு வருசம் சுமந்தாச்சு. இன்னும் ஒரு மாசம் சுமந்தா எனக்கென்ன குறையப் போகுது?”

மகனே, இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. மை ஊறுமளவு நின்றது. அவர் சொன்னது எவ்வளவு வசதியான வழி என்று பார். பிழையை எனக்காகச் சுமந்தவரே இன்னும் சுமக்கிறேன் என்கிறார். உன் திருமணம் நடந்துவிடும்; என் பெயர் தப்பும். புகைபோக்கியை இன்னும் ஒரு முழம் உயர்த்திக் கட்டுவது போன்ற வழி அது. நம் முற்றம் மீண்டும் தெளிவாக இருக்கும். அவருடைய முற்றத்தில் அது மீண்டும் இறங்கும். இம்முறை தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த மனிதரின் மரணத்துக்கு என் புகைதான் முழுக் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. அவரது நெஞ்சில் ஏற்கெனவே நோய் இருந்தது. அந்நாள்களில் வேறு எவரும் எங்கேனும் எரித்திருக்கவும் கூடும். புகை போகும் வழியில் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. உன் அப்பா சொன்னதுபோல அதில் பெயர் எழுதப்படவில்லை. ஆனால் நாள் பொருந்துகிறது, திசை பொருந்துகிறது, மணம் பொருந்துகிறது. சிவந்த கற்கள் சாட்சியாக அடுக்கப்பட்டு நிற்கின்றன. பெயர் எழுதப்படாத ஒன்றுக்கு, எரித்தவர்தான் தம் பெயரை எழுத வேண்டும். வேறு எவராலும் முடியாது.

உனக்கு நான் சொல்லும் புத்திமதி இதுவொன்றே. கண்ணுக்குத் தெரியாமற் போனதை ஒழிந்துவிட்டதென்று எண்ணாதே. நீ ஒரு வீட்டுக்குத் தலைவனாகப் போகிறாய். நீ கோபத்தில் சொன்ன சொல்லை நீ மறந்த பிறகும் அது வேறொருவர் நெஞ்சில் தங்கியிருக்கும். புதிய மண்ணுக்குப் போனால், அந்த மண்ணில் இருப்பவர் சொல்வதை முழுவதும் கேள், பாதியோடு நிறுத்தாதே. வதனி உனக்கு மனைவியாக வருவாளாயின், தன் தகப்பனைப் பற்றி அவள் எத்தனை முறை அழுதாலும், “என் அம்மா தெரியாமல் செய்தாள்” என்று ஒருமுறையேனும் சொல்லி அவள் அழுகையை நிறுத்த முயலாதே. அவள் வராளாயின், அந்தக் கோபத்தை என்மேல் வைத்துக்கொள், அவள்மேல் வைக்காதே.

உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். நேற்று முழுவதும் வயலிலேயே கிடந்தார். இன்று காலையில், “நானும் வர்றேன். டயர ஏத்துனது நான்தானே” என்றார்.

இந்நாள்களில் பஸ் ஓடுமென்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஓடினால், சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து பரந்தன் சந்தியில் இறங்கு. வர மனமில்லையெனில் வராதே. அதற்காக உன்னை நான் குறைவாக எண்ணமாட்டேன். வந்தால், சந்தியில் எங்களைத் தேடி நிற்காமல் நேரே சுலைமான் நானாவின் வளவுக்கு வா. அங்கிருந்து, அவர் சம்மதித்தால் அவரையும் அழைத்துக்கொண்டு, பதினொரு ஆண்டாக அவர் நடக்காத அந்த நூறு கஜத் தூரத்தை நாங்கள் நடந்து போவோம். பெண் வீட்டுக்குப் போகிறவள் வெற்றிலைத் தட்டம் ஏந்திப் போவது வழக்கம். என் கையில் அன்று தட்டம் இராது. ஒரு செங்கல் இருக்கும்.

உன் அம்மா